தினைப்புனத்தில் ஒலித்த விடுதலைக் குரல்

நுழையும்முன்

இசைக்கலை தனித்து வாழ்வதில்லை. பாடுபவரின் குரலோடு ஆர்மோனியமும் மிருதங்கமும் இணைகின்றன. எதிரே நிற்பவர் பாட்டுக்குப் பாட்டால் விடை கூறுகிறார். மேடைக்குக் கீழே அமர்ந்திருப்போர் விடியும்வரை விழித்திருந்து கேட்கின்றனர். இவர்களுள் ஒருவர் மறைந்துவிட்டால் அவருடைய குரலைக் காப்பவர் யார்? உடன் பாடியவர்களும் உடன் நடித்தவர்களும் அதைக் கேட்டு வளர்ந்த மக்களுமே ஆவர். சிவகாசியில் பிறந்து, தம் மண்ணின் நாடக இசைக்கே வாழ்வை அளித்து, மேடையிலேயே உயிர்நீத்த ஒரு கலைஞரையும் அவருக்குத் தோழமையாய் நின்றவர்களையும் இப்பாடம் நினைவுகூர்கிறது.

கரிசல் மண்ணின் இசை

விருதுநகர், சிவகாசி, சாத்தூர், கோவில்பட்டி எனப் பரந்து கிடக்கும் நிலம் கரிசல்காடு. வானம் பார்த்த பூமி இது. மழை பெய்தால் பருத்தியும் கம்பும் சோளமும் விளையும். பொய்த்தால் மண் வெடித்துக் கிடக்கும். சிவகாசி என்றவுடன் இன்று பட்டாசும் தீப்பெட்டியும் அச்சகமுமே நம் நினைவுக்கு வருகின்றன. ஆனால், இவ்வூருக்குத் தீப்பெட்டித் தொழில் வந்தது 1923ஆம் ஆண்டில்தான். கல்கத்தா சென்று தொழில் கற்றுத் திரும்பிய அய்ய நாடார், சண்முக நாடார் ஆகிய இருவரும் அதனைத் தொடங்கினர். பட்டாசும் அச்சுத்தொழிலும் அதன்பின் வளர்ந்தவை. அவற்றுக்கெல்லாம் முன்பே இந்நிலத்தில் வேரூன்றி நின்ற செல்வம் இசையாகும்.

களையெடுப்பில் தெம்மாங்கு, இறப்பில் ஒப்பாரி, கோயில் கொடையில் வில்லுப்பாட்டு, முருகனுக்குக் காவடிச்சிந்து என வாழ்வின் ஒவ்வொரு நிலையிலும் பாட்டு இருந்தது. இப்பகுதியை அடுத்த சென்னிகுளத்தில் பிறந்த அண்ணாமலை ரெட்டியார் 19ஆம் நூற்றாண்டில் காவடிச்சிந்தை இலக்கியமாக உயர்த்தினார். வழிநடைப் பாட்டாக இருந்த சிந்து, சங்கீத மேடைக்கும் நாடக மேடைக்கும் சென்றது. இந்த இசைச்சூழலில்தான் விசுவநாததாஸ் பிறந்தார்.

சிவகாசியின் கலைஞர்

விசுவநாததாஸ் 1886ஆம் ஆண்டு ஜூன் 16ஆம் நாள் சிவகாசியில் பிறந்தார். முடிதிருத்தும் தொழிலைச் செய்துவந்த மருத்துவர் குலத்தைச் சேர்ந்தது அவருடைய குடும்பம். பிறப்பால் மனிதரைத் தரம் பிரித்த அக்காலச் சமூகம் அக்குலத்தைத் தாழ்வாக நடத்தியது. அவருக்கோ இளமையிலேயே இசையில் நாட்டம் பிறந்தது. கோயில் திருவிழாக்களில் கேட்ட பாட்டும் ஊர் மேடைகளில் கண்ட நாடகமும் அவரை ஈர்த்தன. பின்னாளில் மதுரையை அடுத்த திருமங்கலத்தில் குடியேறி, அவ்வூரையே தம் வாழ்விடமாகக் கொண்டார்.

அன்றைய நாடக உலகின் தலைமையாசிரியராக விளங்கியவர் சங்கரதாஸ் சுவாமிகள் (1867 – 1922). தூத்துக்குடியை அடுத்த காட்டுநாயக்கன்பட்டியில் பிறந்த அவர், தெருக்கூத்தாகவும் ஒழுங்கற்ற வசனங்களாகவும் சிதறிக்கிடந்த கதைகளுக்குப் பாட்டும் உரையாடலும் அமைத்து முழுநாடகங்கள் ஆக்கினார். சிறுவர்களுக்கு நாடகம் பயிற்றுவிக்க 1918இல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையை நிறுவினார். அவர் வகுத்த நாடகங்களில் நடித்தே விசுவநாததாஸ் புகழ்பெற்றார். வள்ளி திருமணம், கோவலன், அரிச்சந்திரா முதலிய நாடகங்கள் அன்றைய மேடைகளில் மீண்டும் மீண்டும் நடிக்கப்பெற்றன. அவற்றுள் வள்ளி திருமணத்தில் முருகவேளாக வரும் விசுவநாததாஸைக் காண மக்கள் திரண்டனர்.

ஒத்திகையற்ற மேடை

இசை நாடகத்தின் ஒரு வகை ‘ஸ்பெஷல் நாடகம்’ எனப்படும். நிலையான குழுவாக இயங்கும் ‘கம்பெனி’ நாடகத்திலிருந்து இது வேறுபட்டது. ஊரார் தாம் விரும்பும் நடிகர்களைத் தனித்தனியே ஒப்பந்தம் செய்வர். இராஜபார்ட் ஓர் ஊரிலிருந்து வருவார். ஸ்திரீபார்ட் வேறோர் ஊரிலிருந்து வருவார். ஆர்மோனியக் கலைஞரும் மிருதங்கக் கலைஞரும் பபூனும் மற்றும் சில ஊர்களிலிருந்து வந்து சேர்வர். ஒத்திகை என்பது கிடையாது. மாலையில் சந்திப்பவர்கள் இரவு பத்து மணிக்கு மேடை ஏறி, விடியும்வரை நாடகத்தை நடத்தி முடிப்பர்.

இது எவ்வாறு இயல்கிறது? கதை அனைவருக்கும் தெரியும்; சுவாமிகள் அமைத்த பாடல்கள் அனைவருக்கும் மனப்பாடம். எஞ்சியவற்றை மேடையில் உடனுக்குடன் படைத்துக்கொள்ள வேண்டும். வேலனும் வள்ளியும் நிகழ்த்தும் ‘தர்க்கம்’ இதற்குச் சான்று. ஒருவர் தொடுக்கும் கேள்விக்கு மற்றவர் அந்த நொடியிலேயே விடை கூறியாக வேண்டும். பாடுபவர் எந்த இராகத்தை எடுக்கப் போகிறார், எங்கே நிறுத்தப் போகிறார் என்பதை அவர் இழுக்கும் மூச்சிலிருந்தே ஆர்மோனியக் கலைஞர் உணர்ந்துகொள்ள வேண்டும். பாடுபவர் இளைப்பாறும் இடத்தில் அவரே பின்பாட்டுப் பாடித் தொய்வின்றிக் காக்க வேண்டும்.

ஒலிபெருக்கி பரவாத காலம் அது. திறந்தவெளியில் திரண்டிருக்கும் கூட்டத்தின் கடைசி வரிசைக்கும் சொல் தெளிவாகச் சென்று சேர வேண்டும். எனவே, உச்ச சுருதியில் நின்று, சொல் சிதையாமல் பாடும் ஆற்றல் நடிகருக்கு முதல் தேவையாயிற்று. இம்மேடையில் கருநாடக இராகங்களும் பார்சி நாடகக் குழுக்கள் கொணர்ந்த வடநாட்டு மெட்டுகளும் தெம்மாங்கும் சிந்தும் வேற்றுமையின்றி ஒலித்தன. கல்லாதார்க்கும் இசை கைக்கெட்டிய இடம் இதுவே.

இத்தகைய மேடையில் ஒருவரை ஒருவர் நம்பாமல் எவரும் பாட இயலாது. ஒருவர் தடுமாறினால் மற்றவர் தாங்க வேண்டும். ஆகவே, ‘உடன் நடிப்பவர்’ என்னும் சொல்லுக்கு இங்கே ஆழ்ந்த பொருள் உண்டு. அந்தப் பொருளை மனத்திற்கொண்டால்தான் விசுவநாததாஸின் வாழ்வில் பின்னர் நேர்ந்தவற்றை நாம் சரியாக உணர முடியும்.

வெள்ளைக் கொக்கு

1919ஆம் ஆண்டு ஏப்ரல் 13ஆம் நாள் அமிர்தசரசில் ஜாலியன்வாலாபாக் படுகொலை நிகழ்ந்தது. அடுத்து ஒத்துழையாமை இயக்கம் எழுந்தது. செய்தித்தாளைப் படிக்க இயன்றவர்கள் மிகச் சிலராக இருந்த அந்நாளில், நாட்டு நடப்பைச் சிற்றூர்களுக்குக் கொண்டுசென்றது நாடக மேடை. பஞ்சாபில் நிகழ்ந்த கொடுமையைப் பாட்டாக விசுவநாததாஸ் பாடக் கேட்டே பலர் அதனை அறிந்தனர். அவர் கதராடை உடுத்தினார். தாம் ஏறிய மேடைகளை எல்லாம் விடுதலை உணர்வின் களங்களாக்கினார்.

அவருக்கும் அவரையொத்த கலைஞர்களுக்கும் பாடல்கள் புனைந்தளித்தவர் மதுரகவி பாஸ்கரதாஸ் (1892 – 1952). வெள்ளைக் கொக்கைப் பற்றி அவர் எழுதிய பாடல் அக்காலத்தில் தமிழகமெங்கும் ஒலித்தது. அப்பாடல் பிறந்த முறை எண்ணிப் பார்க்கத்தக்கது. வள்ளி திருமண நாடகத்தில் தினைப்புனக் காட்சி ஒன்று உண்டு. பரண்மீது நின்று தினையைக் கவர வரும் பறவைகளை ஆலோலம் பாடி விரட்டுவது அக்காட்சியின் மரபு. விளைச்சலை உழைக்காமல் கொண்டுபோக வரும் பறவை கொக்கு. அதன் நிறம் வெண்மை. அது தொலைவிலிருந்து பறந்து வந்தது. இம்மூன்றையும் மேடையில் சொன்னால் போதும். அது யாரைக் குறிக்கிறது என்பதைக் கேட்போர் உணர்ந்துகொண்டனர்.

இதில் அமைந்த நுட்பத்தை நாம் கவனிக்க வேண்டும். நாடகத்தின் கதை புராணக்கதை, காட்சி மரபுவழிப்பட்டது, பாட்டில் ஆட்சியாளரின் பெயர் ஓரிடத்திலும் இல்லை. ஆயினும், பாட்டு முடிந்ததும் எழும் ஆரவாரம் அதன் பொருளை வெளிப்படுத்திவிடும். சங்க இலக்கியம் வளர்த்த உள்ளுறை என்னும் உத்தியைக் கரிசல்காட்டு மக்கள் நாடகப் பந்தலில் அமர்ந்து சுவைத்தனர் எனலாம். பாட்டில் இல்லாத பொருளைப் பார்வையாளரே நிரப்பினர். எனவே, அப்பாட்டைத் தடுக்க வேண்டுமாயின் பாடுபவரை மட்டுமன்றிக் கேட்போர் அனைவரையும் தடுக்க வேண்டியிருந்தது.

அரசு வாளாவிருக்கவில்லை. 1876ஆம் ஆண்டின் நாடக நிகழ்ச்சிச் சட்டம், அரசுக்கு எதிரான உணர்வைத் தூண்டும் நாடகங்களைத் தடைசெய்ய அதிகாரம் அளித்திருந்தது. விசுவநாததாஸ் பலமுறை கைது செய்யப்பட்டார், சிறைத்தண்டனை பெற்றார். விடுதலையாகி வந்ததும் மீண்டும் மேடையேறி அதே பாடல்களைப் பாடினார். நடிகருக்கு மேடையே வருவாய். சிறையில் கழியும் ஒவ்வொரு மாதமும் குடும்பத்தின் அடுப்பு எரிவது அரிதாகும். அதனை அறிந்தே அவர் அவ்வழியைத் தேர்ந்தெடுத்தார்.

உடன் நிற்க மறுத்தோரும் உடன் நின்றவரும்

ஆட்சியாளரின் தடை ஒருபுறம் இருக்க, சமூகத்தின் தடை மறுபுறம் இருந்தது. வேலனாக வரும் விசுவநாததாஸை மக்கள் வணங்கினர். ஆனால், அவர் பிறந்த குலத்தைக் காரணம் காட்டி அவருக்கு இணையாக வள்ளி வேடமேற்க நடிகையர் பலர் மறுத்தனர். மேடையில் கடவுளாக நிற்பவருக்கு மேடைக்குப் பின்னே சமநிலை மறுக்கப்பட்டது. ஒருவரை ஒருவர் தாங்கியே நடத்த வேண்டிய ஸ்பெஷல் நாடகத்தில் இணையாக நிற்க மறுப்பது அக்கலைஞரின் குரலையே நெரிப்பதற்கு ஒப்பாகும்.

அந்நிலையில் அவரோடு இணைந்து நடிக்க முன்வந்தவர் மதுரையைச் சேர்ந்த கே.பி. ஜானகியம்மாள் (1917 – 1992). அவர் வறுமை காரணமாகச் சிறுவயதிலேயே நாடகத்துறைக்கு வந்தவர். தம் குரல்வளத்தாலும் நடிப்பாற்றலாலும் முன்னணி நடிகையாக உயர்ந்தவர். விசுவநாததாஸைவிட முப்பது வயதுக்கும் மேல் இளையவர். அவரோடு நடித்தால் பிறர் தம்மை ஒதுக்கக்கூடும் என்பதும் காவல்துறையின் கண் தம்மீதும் விழும் என்பதும் அவர் அறியாதவை அல்ல. எனினும், கலைக்கும் நாட்டுக்கும் தம்மை அளித்த ஒருவரைப் பிறப்பால் விலக்குவது முறையன்று என்பதில் அவர் உறுதியாக இருந்தார். வேலனும் வள்ளியுமாக அவ்விருவரும் நின்ற மேடையில், பாட்டு அந்நிய ஆட்சியை எதிர்த்தது. அவர்கள் இணைந்து நின்ற செயலே சாதி வேற்றுமையை எதிர்த்தது.

பலர் மேடையில் விடுதலையைப் பாடினர். உடன் நிற்பவரை மதிக்காமல் பாடப்படும் விடுதலை பொருளற்றது என்பதை ஜானகியம்மாள் செயலால் காட்டினார். பேசப்படும் கொள்கைக்கும் வாழப்படும் கொள்கைக்கும் உள்ள வேறுபாடு இதுவே.

மயில்மீது அடங்கிய குரல்

1940ஆம் ஆண்டு. இரண்டாம் உலகப்போர் நடந்துகொண்டிருந்தது. இந்திய மக்களின் இசைவைப் பெறாமல் நாட்டைப் போரில் ஈடுபடுத்தியதை எதிர்த்து, அவ்வாண்டு அக்டோபரில் காந்தியடிகள் தனிநபர் சத்தியாகிரகத்தைத் தொடங்கினார். விருதுநகரில் பிறந்து, தமிழ்நாடு காங்கிரசுக் குழுவின் தலைவராகப் பொறுப்பேற்றிருந்த காமராசர், சத்தியாகிரகிகளின் பட்டியலுடன் வார்தாவுக்குச் செல்லும் வழியில் டிசம்பர் மாதம் குண்டூரில் கைது செய்யப்பட்டு வேலூர்ச் சிறையில் அடைக்கப்பட்டார்.

அதே டிசம்பரின் இறுதிநாள். சென்னை இராயல் தியேட்டரில் வள்ளி திருமணம் நடந்தது. விசுவநாததாஸுக்கு அப்போது வயது ஐம்பத்து நான்கு. சிறைவாழ்வும் ஓயாத பயணமும் விடிய விடியப் பாடிய இரவுகளும் அவர் உடலைத் தளர்த்தியிருந்தன. முருகன் வேடம் பூண்டு மயில்மீது அமர்ந்து மேடையில் தோன்றினார்; பாடத் தொடங்கினார். பாடிக்கொண்டிருக்கும்போதே அவர் உயிர் பிரிந்தது. 1940ஆம் ஆண்டின் கடைசி நாளில் அக்குரல் அடங்கியது.

தோழமை காத்த நினைவு

மறைந்த கலைஞரை உடன் நடித்தவர்கள் நினைவில் நிறுத்தும் முறைகள் பல. நாடக உலகிலேயே இதற்குச் சான்றுகள் உள்ளன. செங்கோட்டை எஸ்.ஜி. கிட்டப்பா 1933இல் மறைந்தபின், அவரோடு இணைந்து பாடிய கே.பி. சுந்தராம்பாள் வேறு எந்த ஆண் நடிகருடனும் இணைந்து நடிப்பதில்லை என்று உறுதிபூண்டார். வெண்ணிற ஆடையையே உடுத்தினார். தம் அருகில் இருந்த இடத்தை வெறுமையாக விட்டு வைப்பதன் வழியாக அவர் தம் துணைவரை நினைவுகூர்ந்தார்.

ஜானகியம்மாளின் வழி வேறு. நாடக மேடையில் பழகிய குரலை அவர் பொதுமேடைக்குக் கொண்டு சென்றார். போர் எதிர்ப்புப் பரப்புரைக்காகச் சிறை சென்றார். நாடகத்தில் ஈட்டிய பொருளைப் பொதுப்பணிக்கே செலவிட்டார். விடுதலைக்குப் பின்னும் உழவர், தொழிலாளர், பெண்கள் ஆகியோரின் உரிமைக்காக உழைத்தார். 1967இல் மதுரை கிழக்குத் தொகுதியிலிருந்து சட்டமன்ற உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். பேச்சுக்கிடையே பாடுவதும் பாட்டின் வழியே மக்களை ஈர்ப்பதும் நாடக மேடை அவருக்கு அளித்த பயிற்சியின் பயன்களாகும். உடன் நின்றவர் விட்ட இடத்திலிருந்து பாட்டைத் தொடர்வதும் நினைவஞ்சலிதான்.

மூன்றாவது வழி எழுத்து. மதுரகவி பாஸ்கரதாஸ் பல்லாண்டுகள் நாட்குறிப்பு எழுதிவந்தார். அவருடைய பெயரரும் நாடக இயக்குநருமான ச. முருகபூபதி அதனைத் தொகுத்து நூலாக்கியுள்ளார். புகழ்பெற்ற தலைவர்களின் வரலாறு ஏடுகளில் நிற்கும். ஊர் ஊராகச் சென்று ஆடிப்பாடிய கலைஞர்களின் வரலாறோ பெரும்பாலும் காற்றோடு போய்விடுகிறது. எந்த ஊரில், யாருக்கு, என்ன பாட்டு என்று ஒருவர் குறித்து வைக்கும் சிறு குறிப்பும் பின்னாளில் பெருஞ்சான்றாகிறது.

திருமங்கலத்தில் விசுவநாததாஸ் வாழ்ந்த இல்லம் இன்று தமிழ்நாடு அரசின் நினைவில்லமாக விளங்குகிறது.

இன்றைய மேடை

பங்குனி, சித்திரை மாதங்களில் விருதுநகர், மதுரை, புதுக்கோட்டை மாவட்டங்களின் சிற்றூர்களுக்குச் சென்றால் வள்ளி திருமணமும் அரிச்சந்திர மயான காண்டமும் இன்றும் நடப்பதைக் காணலாம். பகலெல்லாம் பட்டாசுத் தொழிற்சாலையிலும் தீப்பெட்டி ஆலையிலும் உழைத்தவர்கள் பாயை விரித்து முன்வரிசையில் அமர்கின்றனர். ஆனால், திரைப்பட மெட்டுகள் மேடையில் பெருகியுள்ளன. விடியும்வரை காத்திருப்போரின் எண்ணிக்கை குறைந்துள்ளது. ஆண்டின் சில மாதங்களே நாடகம் நடப்பதால் கலைஞர்கள் எஞ்சிய மாதங்களில் வேறு வேலை தேட வேண்டியுள்ளது.

ஒரு கலையை அருங்காட்சியகப் பொருளாக்கிப் போற்றுவதைவிட, அது நடக்கும் இடத்துக்குச் சென்று கேட்பதே அதற்குச் செய்யும் சிறந்த தொண்டு. நம் ஊர்த் திருவிழாவில் பாடும் கலைஞரின் பெயரை நாம் அறிந்திருக்கிறோமா? ஆர்மோனியத்தின் பின்னே அமர்ந்திருப்பவர் எந்த ஊரினர் என்று கேட்டிருக்கிறோமா? விசுவநாததாஸின் வாழ்வு நம்மிடம் எழுப்பும் வினாக்கள் இவை. கேட்கும் செவிகளும் உடன் நிற்கும் தோழமையும் இருக்கும்வரை மண்ணின் இசைக்கு அழிவில்லை.

தெரிந்து தெளிவோம்

இராஜபார்ட் – நாடகத்தின் முதன்மை ஆண் வேடம்.
ஸ்திரீபார்ட் – முதன்மைப் பெண் வேடம்.
பபூன் – நகைச்சுவை வேடம்.
தர்க்கம் – பாட்டாலும் உரையாலும் இருவர் நிகழ்த்தும் சொற்போர்.
ஆலோலம் – தினைப்புனத்தில் பறவைகளை விரட்டப் பாடும் பாட்டு.

நாடக மேடையும் நாட்காட்டியும்

சிவகாசி அச்சகங்களில் அச்சாகி வீடுதோறும் தொங்கிய தெய்வப் படங்களுக்கும் நாடகத்துக்கும் தொடர்பு உண்டு. அப்படங்கள் பலவற்றை வரைந்த கொண்டையராஜு, நாடகக் குழுவுக்குத் திரைச்சீலை ஓவியம் தீட்டியவர். குழுவோடு கோவில்பட்டிக்கு வந்து அங்கேயே தங்கிவிட்ட அவர், பல மாணவர்களை உருவாக்கினார். மேடைத்திரையின் வண்ணங்கள் இவ்வாறு நாட்காட்டியில் இடம்பெற்றன.

கற்பவை கற்றபின்

1. உங்கள் பகுதியில் வாழும் நாடக அல்லது நாட்டுப்புற இசைக்கலைஞர் ஒருவரை நேர்கண்டு, அவருடைய ஆசிரியர், உடன் நடித்தவர்கள், பாடும் பாடல்கள் ஆகியவற்றைத் தொகுத்து எழுதுக.

2. உங்கள் ஊர்த் திருவிழாவில் இருபது ஆண்டுகளுக்கு முன் நடந்த கலைநிகழ்ச்சிகளையும் இன்று நடப்பனவற்றையும் முதியோரிடம் கேட்டு ஒப்பிடுக.

3. ‘கலையில் தோழமை’ என்னும் தலைப்பில் வகுப்பறையில் கலந்துரையாடுக.

பாடநூல் வினாக்கள்

பலவுள் தெரிக

1. தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையை நிறுவியவர்
அ) பாஸ்கரதாஸ் ஆ) சங்கரதாஸ் சுவாமிகள் இ) விசுவநாததாஸ் ஈ) கிட்டப்பா

2. பொருத்துக.
1) சென்னிகுளம் – அ) சங்கரதாஸ் சுவாமிகள்
2) சிவகாசி – ஆ) எஸ்.ஜி. கிட்டப்பா
3) காட்டுநாயக்கன்பட்டி – இ) அண்ணாமலை ரெட்டியார்
4) செங்கோட்டை – ஈ) விசுவநாததாஸ்

குறுவினா

1. ஸ்பெஷல் நாடகத்துக்கும் கம்பெனி நாடகத்துக்கும் உள்ள வேறுபாடு யாது?
2. விசுவநாததாஸுடன் நடிக்க நடிகையர் மறுத்ததன் காரணம் என்ன?

சிறுவினா

1. தினைப்புனக் காட்சி விடுதலைப் பரப்புரைக்கு இடமளித்த திறத்தை விளக்குக.
2. மறைந்த கலைஞரை நினைவுகூர்வதில் கே.பி. சுந்தராம்பாள், கே.பி. ஜானகியம்மாள் ஆகியோரின் வழிகளை ஒப்பிடுக.

நெடுவினா

‘உடன் நிற்பவரை மதிக்காமல் பாடப்படும் விடுதலை பொருளற்றது’ – இக்கூற்றை விசுவநாததாஸின் வாழ்க்கை நிகழ்வுகளைக் கொண்டு நிறுவுக.